ஸகாத் பெட்டிக்கு ஒரு மெயில் சேர்வர்

முனாபுக்கு எந்தச் சாமானையும் வாங்கினபடி பாவிக்கத் தெரியாது. மூடியைக் கழற்றி உள்ளே என்ன இருக்கிறதென்று பார்த்த பிறகுதான் அவனுக்கு அது தன்னுடைய சாமான். மின்விசிறி, மோட்டார் சைக்கிள், மாமியாரின் மாவரைக்கிற மெசின் என்று ஒன்றும் தப்பவில்லை. திரும்பப் பூட்டும்போது எப்படியும் ஓர் ஆணி மிஞ்சும். "இது தேவையில்லாத ஆணி" என்று சொல்லி அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வான். மெசின் ஓடும். ஆனால் முன்பு இல்லாத ஒரு சத்தத்தோடு ஓடும்.

சாய்ந்தமருதில் பிறந்தவன். பள்ளிக்கூடமொன்றில் கொம்பியூட்டர் படிப்பிக்கிறான். இந்தக் கரையோரத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். ஆண்பிள்ளை கலியாணம் முடித்துப் பெண் வீட்டுக்குப் போய்விட வேண்டும். முனாபும் அப்படித்தான் சவூதியில் சில வருஷம் கேபிள் இழுத்து, தங்கச்சி முஸ்பிறாவுக்குச் சுவர் எழுப்பிக் கூரை போட்டுக் கொடுத்துவிட்டு, அதன் பிறகு தனக்குப் பெண் பேச விட்டான். அடுத்த ஊரான கல்முனைக்குடியில் நஸ்லினின் வீட்டுக்கு மாப்பிள்ளையாகப் போனான். வாப்பாவும் உம்மாவும் போய்ச் சேர்ந்த பின்பும், வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்தால் பகல் சோறு தங்கச்சி வீட்டில் என்பது மட்டும் மாறவில்லை. முஸ்பிறாவின் புருஷன் கத்தாரில் இருக்கிறான். "மச்சான் அனுப்புறாரா?" என்று முனாப் கேட்பான். "ஓம் காக்கா" என்பாள். சோற்றைப் பிசைந்தபடி அவனும் அதை நம்பிவிடுவான்.

அவன் வாழ்க்கையில் பெரிதாகச் சொல்லும்படி நடந்த ஒரே காரியம் சாய்ந்தமருது ஊர் ஸகாத் நிதியத்துக்கு மெயில் சேர்வர் போட்டதுதான். அதையும் அவன் நினைத்த மாதிரி சொல்ல முடியாது.

வசதியுள்ளவர்கள் கடமையாகக் கொடுக்கிற ஸகாத் பணத்தை ஒன்றுசேர்த்து, நோன்பு மாதத்தில் இல்லாதவர்களுக்குக் கொடுப்பதுதான் அந்த நிதியத்தின் வேலை. தலைவர் அபுல் ஹஸன் ஹாஜியார், நெல் ஆலைக்காரர். முன்னைய காலத்தில் உதவி கேட்கிறவர் காரியாலயத்துக்கு வந்து வெளியே கிடக்கிற நீள மர வாங்கில் குந்த வேண்டும். அந்த வாங்கை எந்தப் புண்ணியவான் போட்டானோ, நேரே பிரதான வீதியைப் பார்த்தபடி கிடந்தது. அக்கரைப்பற்று பஸ்ஸில் போகிறவர்கூடக் கண்டுகொள்வார். உள்ளே இருந்து கூப்பிடுவதற்குள் ஊர் முழுக்கப் பார்த்து முடித்துவிடும். அதனால் கேட்டுப் பழகியவர்கள் வந்தார்கள். கேட்கத் தெரியாதவர்கள் வீட்டில் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதை மாற்றியவர் ஸகியா. மிட்வைப் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இந்த ஊரில் பாதிப்பேர் அவர் கையில் பிறந்தவர்கள், ஆகையால் அவர் எந்த வீட்டுக்குள் போனாலும் ஏன் போனார் என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். உதவி தேவையானவர்கள் ஈமெயிலில் எழுதட்டும், பேரை நான் மட்டும் பார்க்கிறேன், வீட்டுக்கு நானே போய் வருகிறேன் என்று கமிட்டியில் சொல்லி வைத்தார். கமிட்டிக்கு அவர் கொண்டு போவது வெறும் விபரம்தான். ஒரு வீடு, மூன்று பிள்ளை, உழைக்கிற ஆள் இல்லை, அவ்வளவுதான். பேரும் இல்லை, தெருவும் இல்லை. கமிட்டி தலையாட்டும். மகளின் போனிலோ மருமகனின் போனிலோ ஆளுக்கொரு பேரில் முகவரி திறந்து பெண்கள் எழுதினார்கள். அந்த வாங்கு வெயில் காய்ந்துகொண்டு கிடந்தது.

அந்த ஈமெயில் பெட்டி வெளிநாட்டுக் கொம்பனியொன்று சும்மா கொடுப்பது. அதை முன்னைய செயலாளர் மசூர் தன் போன் நம்பரில் திறந்திருந்தார். அவர் குவைத்துக்குப் போனார், நம்பர் செத்துப்போனது, போன் கொம்பனி அதை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டது. ஒரு நாள் பெட்டி திறக்கவில்லை. நீங்கள்தான் என்பதை உறுதிப்படுத்த நம்பருக்கு ஒரு குறி அனுப்பியிருக்கிறோம் என்றது. குறி போனது அம்பாந்தோட்டைப் பக்கத்து ஒரு மனிசருக்கு. ஹாஜியார் தனக்குத் தெரிந்த சிங்களத்தில் அவரிடம் கெஞ்சிப் பார்த்தார். இது ஏதோ களவு என்று நினைத்து அந்த மனிசர் போனை வைத்துவிட்டார். நியாயமான மனிசர்.

அப்போதுதான் முனாப் கூட்டத்தில் எழும்பினான்.

"ஹாஜியார், பிறத்தியான்ட வாசல்ல போய் நிண்டா இப்பிடித்தான். நம்மட மெயில நாமளே வெச்சி நடத்துவம். நான் செஞ்சி தாறன்."

ஹாஜியார் ஆலையில் ஓர் அறை ஒதுக்கித் தரவா என்று கேட்டார். தேவையில்லை, சிங்கப்பூரில் ஒரு மெசினை வாடகைக்கு எடுக்கலாம், மெசின் அவர்களுடையது, அதற்குள் ஓடுகிறதெல்லாம் நம்முடையது என்று முனாப் விளக்கினான். "வயல் போடியார்ட, வெள்ளாமை நம்மட" என்று ஹாஜியார் தனக்கு விளங்கிய வழியில் சொல்லிக்கொண்டார்.

மெயில் சேர்வர் என்பது உண்மையில் ஒரு மென்பொருள் இல்லை, ஒரு கூட்டம். வெளியிலிருந்து வருவதை வாசலில் வாங்க ஒன்று, வாங்கியதை உள்ளே அடுக்கி உரியவருக்குக் காட்ட இன்னொன்று, குப்பையைப் பொறுக்கி எறிய வேறொன்று. இவற்றைத் தனித்தனியே எடுத்துக் கையால் பூட்டலாம். போஸ்ட்பிக்ஸ், டவ்கொட் என்று உலகம் பல காலமாக நம்புகிற பழைய ஆட்கள் இருக்கிறார்கள். இல்லாவிட்டால் எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டித் தருகிற மெயில்கவ் மாதிரியானதைப் போடலாம். ஒரு மத்தியானத்தில் வேலை முடிந்துவிடும். முனாப் எதை எடுத்தான் என்று நான் சொல்லத் தேவையில்லை.

பாடசாலை விட்டு வந்தால் மடிக்கணினியோடு குந்திவிடுவான். தொழுகைக்குப் பள்ளிக்குப் போகிற நேரம் தவிர எழும்ப மாட்டான். விளங்காத இடத்தில் காரைதீவுச் சுஜிந்தனுக்குப் போன் எடுப்பான். டிப்ளோமா வகுப்பில் பக்கத்தில் இருந்து படித்தவன் சுஜிந்தன். இப்போது கொழும்புக் கொம்பனியொன்றின் சேர்வர்களை வீட்டிலிருந்தபடியே பார்க்கிறான்.

"மச்சான், கட்டி வெச்சிரிக்கிறதப் போட்டுட்டு நிம்மதியா இரன்" என்றான் சுஜிந்தன்.

"உள்ளுக்கு என்ன நடக்குதெண்டு எனக்குத் தெரியணும் சுஜி."

"ஓம், உனக்குத் தெரியாம ஒண்டும் நடக்கப்படாது" என்று சிரித்தான் சுஜிந்தன்.

வேலை முடிந்தது. ஹாஜியாருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அடுத்த ஜும்ஆவில் பிரசங்கம் செய்கிற கதீப், பள்ளி மேடையான மிம்பரில் நின்று அறிவித்தார். உதவி தேவையானோர் இந்தப் புதிய முகவரிக்கு எழுதலாம், இனி வெளிநாட்டுக் கொம்பனிகளை நம்பத் தேவையில்லை, நம்மட ஊர்ப் பிள்ளை முனாப் மாஸ்டர் எல்லாவற்றையும் தன் பொறுப்பில் எடுத்திருக்கிறார், அல்லாஹ் அவருக்கு பரகத் செய்வானாக. ஆமீன் என்று பள்ளி முழுக்கச் சொன்னது. ஒலிபெருக்கியில் தெருத்தெருவாகக் கேட்டது. அன்றைக்கு மாமியார் மருமகனுக்காகக் கோழி அறுத்தார்.

ரஜப் மாதம் முடிந்தது. பெட்டிக்கு ஒன்றும் வரவில்லை.

முன்னைய வருஷங்களில் இந்த நேரத்துக்கு ஸகியாவுக்கு வீடு வீடாகப் போய்க் கால் வீங்கியிருக்கும். இப்போது அவர் மாலையில் வாசலில் கதிரை போட்டு இருக்கிறார். முனாப் முதலில் பயப்படவில்லை. பிழை மென்பொருளில் இருந்தால் பிடித்துவிடலாம். தெரியாத முகவரியிலிருந்து முதல் முறை கடிதம் வந்தால் "பிறகு வா" என்று திருப்பி அனுப்புகிற ஓர் ஏற்பாட்டைச் செய்து வைத்திருந்தான். குப்பைக் கடிதம் அனுப்புகிறவன் திரும்பி வர மாட்டான், உண்மையானவன் வருவான் என்பது அதன் கணக்கு. அதை எடுத்தான். குப்பை பொறுக்குவதன் கடுமையைக் குறைத்தான். தன் முகவரியிலிருந்து எழுதிப் பார்த்தான், வந்தது. நஸ்லினின் போனிலிருந்து எழுதிப் பார்த்தான், வந்தது. பாடசாலைப் பிள்ளைகள் முழுப்பேரையும் எழுத வைத்தான், எல்லாம் வந்தது. ஊர் மட்டும் எழுதவில்லை.

சரி, தான் கையால் பூட்டியதில்தான் எங்கோ ஓர் ஆணி மிஞ்சிவிட்டது என்று முடிவெடுத்தான். முழுவதையும் கழற்றி எறிந்துவிட்டு மெயில்கவ்வைப் போட்டான். அதற்குப் பெரிய மெசின் வேண்டும் என்பதால் வாடகையைக் கூட்டிக் கட்டினான். பெட்டியைத் திறந்தால் இப்போது பார்க்க அழகாக இருந்தது. காலியாகவும் இருந்தது. நோன்புக்கு முந்திய மாதமான ஷஃபானின் பிறையும் கண்டுவிட்டது. நோன்பு வந்தால் கொடுக்க வேண்டும், கொடுக்க வேண்டுமென்றால் அதற்குள் கேட்க வேண்டும். பங்கு வைத்த பிறகு கேட்கிறவருக்கு அடுத்த வருஷம்தான். ஹாஜியார் சந்தோஷமாக வேறு சொன்னார்: "அல்ஹம்துலில்லாஹ், ஊர்ல கஷ்டம் குறைஞ்சிட்டு போல."

ஸகியா அவரை ஒரு பார்வை பார்த்தார்.

முனாபுக்கு மூன்றாவதாக வேறொரு மென்பொருள் கண்ணில் பட்டிருந்தது. அதைப் பற்றிச் சொல்ல, பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு ஸகியாவின் வீட்டுக்குப் போனான். அவர் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். மெயில்கவ்வுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம், இது ஏன் இலேசு, ஏன் வேகம் என்றெல்லாம் அவன் சொன்னதைக் கீரை முடியும்வரை கேட்டார். பிறகு தட்டத்தை ஒதுக்கி வைத்தார்.

"தம்பி, ஒண்டு கேக்கன். இதுக்க வாற கடிதத்த நீங்க பாக்கேலுமா?"

"நான் பாக்கமாட்டன் ராத்தா! வல்லாஹி, நான் அப்பிடியான ஆளா?"

"பாப்பீங்களா எண்டு கேக்கல்ல. பாக்கேலுமா?"

முனாப் மடிக்கணினியைப் பார்த்தான்.

"ஏலும்."

"எழுதினது ஆரெண்டு?"

"அதுவும் தெரியும். பதிவில விழும்."

"அதுதான் தம்பி" என்றார் ஸகியா. "மிம்பர்ல நிண்டு உங்கட பேரச் சொன்ன அண்டைக்கே இது முடிஞ்சி. எனக்கிட்ட ஒரு புள்ள சொன்னா, 'முனாப் மாஸ்டர் என்ட மகனுக்குப் படிப்பிக்கிறாரு மாமி, நான் எப்பிடி எழுதுற?' எண்டு. அவ சொல்லிட்டா. மத்தவங்க சொல்லாம இரிக்காங்க."

"அப்ப முன்ன எழுதினாங்களே? அந்தக் கொம்பனிக்காரனுக்குப் பாக்கேலாதா? அவன் நினைச்சா எல்லாத்தையும் வாசிப்பான்!"

"வாசிச்சா வாசிக்கட்டும். அவன் நம்மட கலியாண வீட்டுக்கு வாறானா? நாளைக்குச் சந்தையில கண்டா சிரிக்கிறானா? நம்மட ஊரான் வாசிக்கக்கூடாது. அவ்வளவுதான்."

முனாபுக்குக் கோபம் வந்தது. இவ்வளவு நாளும் குந்திக் குந்தி முதுகு உடைந்தது யாருக்காக? ஒரு சொட்டு நம்பிக்கை இல்லையா? வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றாமலே நஸ்லினிடம் கொட்டித் தீர்த்தான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் சொன்னாள்: "நான் எண்டாலும் எழுதமாட்டன்."

"ஏன், நான் போய்ச் சொல்லிருவனா?"

"சொல்லமாட்டீங்க. ஆனா தெரிஞ்சிட்டா அதுக்குப் பொறவு அந்த மனிசர்ட முகத்த எப்பிடிப் பாப்பீங்க? உங்கட முகத்தில எல்லாம் தெரியும்."

அது உண்மை. முனாபின் முகம் ஒன்றையும் மறைக்கத் தெரியாத முகம். சாப்பாட்டில் உப்புக் கூடினால் அவன் வாய் திறக்க முன் மாமியாருக்குத் தெரிந்துவிடும்.

இருந்தாலும் மென்பொருள்காரனின் மனசு இலேசில் விடாது. மனிசர் பிரச்சினை என்று சொன்னாலும் அதற்கும் ஒரு மென்பொருள் இருக்குமென்று தேடும். தேடினான், இருந்தது. வந்த கடிதத்தைப் பெட்டிக்காரரின் சாவியால் பூட்டி வைக்கிற வசதி. சாவி ஸகியாவிடம் இருக்கும். சேர்வரைப் பார்க்கிறவன் பெட்டியைத் திறந்தால் கடிதத்துக்குப் பதில் குழம்பிய எழுத்துகள்தான் கிடக்கும். முனாப் துள்ளிக்கொண்டு சுஜிந்தனுக்குப் போன் எடுத்தான்.

சுஜிந்தன் பொறுமையாகக் கேட்டான்.

"நல்ல விசயம் மச்சான். ஆனா கடிதம் பூட்டுப்பட முதல் வாசலால வருகுதுதானே? சேர்வர்ட முழு அதிகாரமும் உன்னட்ட இருந்தா, வாற நேரம் நீ எட்டிப் பாக்கலாம். ஆர் எழுதினதெண்டு பதிவிலயும் விழும். அத நீ அழிச்சாலும், அழிக்க முதல் பாத்திருப்பா எண்டுதானே சனம் நினைக்கும்?"

"அப்ப எந்த மென்பொருள்தான் சரி?"

"எதப் போட்டாலும் அதிகாரம் ஒரு ஆளிட்ட இருக்கத்தான் வேணும். உங்கட ஊர்ல வேற ஆள் இல்லையா?"

முனாப் ஊரில் கொம்பியூட்டர் தெரிந்தவர்களை ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தான். ஒருவன் பாதி ஊருக்கு மச்சான். இன்னொருவன் மிச்சப் பாதிக்கு மருமகன். சொந்தமில்லாத ஒருவனை இந்த ஊரில் தேடுவது உப்பில்லாத கடல் தேடுகிற வேலை. போனை வைக்கப் போன நேரம் அவனுக்கு உறைத்தது.

"சுஜி, நீ எடு."

"என்னத்த?"

"சேர்வர. பாஸ்வேர்ட், அதிகாரம், எல்லாத்தையும். எனக்கு ஒண்டும் வேணாம்."

"உங்கட ஆக்கள் விடுவாங்களா மச்சான்?" என்று கேட்டான்.

விடுவார்களா என்பது சின்னக் கேள்வி இல்லை. காரைதீவும் சாய்ந்தமருதும் ஒரு மதில் வைத்த இரண்டு வளவு மாதிரி, அங்கே தமிழர், இங்கே முஸ்லிம்கள். ஒரே வீதி, ஒரே கடல், கீரையும் மீனும் போய் வரும். ஆனால் அந்த எல்லையில் சில வருஷங்களில் டயர் எரிந்ததும் உண்டு. கமிட்டியில் ஹாஜியார் கதிரையை விட்டே எழும்பிவிட்டார்.

"என்ன முனாப் இது! நம்மட ஆக்கள்ட கஷ்டம் காரைதீவுல போய்க் கிடக்கிறதா? நம்மட மெயில நாமளே வெச்சி நடத்துவம் எண்டு சொன்னது நீங்கதானே?"

"நான்தான் ஹாஜியார்."

ஸகியாதான் கதைத்தார்.

"ஹாஜியார், அந்தத் தம்பிக்கு நம்மட பொம்புளைகள்ட பேரெல்லாம் ஒரே மாதிரித்தான் கேக்கும். எந்த ஸித்தி, எந்தத் தெரு ஸித்தி எண்டு அவருக்கு என்ன தெரியும்? தெரிஞ்சாலும் அவர்ட மாமிக்குப் போய்ச் சொன்னா, அந்த மனிசி 'அது ஆரு?' எண்டு கேப்பா. நமக்கு வேணுமான ஆள் அதுதான். உள்ளுக்க கிடக்கிற கடிதத்துக்குச் சாவி எனக்கிட்ட இரிக்கும்."

ஒருவர் சிரித்தார். இன்னொருவர் சிரிப்பை அடக்கினார். ஹாஜியார் தாடியைத் தடவியபடி திரும்பவும் குந்தினார். ஒரு சின்ன விவாதத்துக்குப் பிறகு சம்மதமானது. அன்றைக்கு எல்லாரையும்விட ஹாஜியார்தான் கடைசியில் தெளிவாக ஒன்றைச் சொன்னார்: "ஆனா இத சனத்துக்குச் சொல்லணுமே. சொல்லாட்டி ஆருக்குத் தெரியும்?"

சுஜிந்தன் எடுத்ததும் செய்த முதல் வேலை மெயில்கவ்வைக் கழற்றியதுதான். அவன் பழையபடி போஸ்ட்பிக்ஸையும் டவ்கொட்டையுமே போட்டான். தினமும் கொம்பனிக்காகப் பார்க்கிறது அதுதான், கண் மூடியும் செய்வேன் என்றான். கடிதம் ஸகியாவின் சாவியால் பூட்டுப்பட்டது. பதிவுகள் அன்றன்றே தாமாக அழிகிற மாதிரி வைத்தான். புதுப் பாஸ்வேர்ட் போட்டு முடித்ததும் முனாபை உள்ளே நுழைந்து பார்க்கச் சொன்னான். முனாப் முயன்றான். அனுமதி இல்லை என்று திரையில் வந்தது. எத்தனையோ தரம் தானே மற்றவர்களுக்கு வரும்படி செய்து வைத்த சொல்தான். தனக்கு வந்தபோது மடிக்கணினியை மெல்ல மூடி வைத்தான்.

அறிவிப்பை எப்படிச் சொல்வது என்று ஹாஜியார் யோசித்தார். "முனாப் மாஸ்டர்ட சேவைக்கு நன்றி எண்டு துவங்குவமா?"

"வேணாம் ஹாஜியார். நன்றி சொன்னா நான் இன்னும் பின்னால நிக்கிறன் எண்டுதான் நினைப்பாங்க. முனாபுக்கு இனி ஒண்டும் பாக்கேலாது எண்டு நேராச் சொல்லச் சொல்லுங்க."

கதீப் நேராகத்தான் சொன்னார். கொஞ்சம் கூடுதலான நேர். ஸகாத் நிதியத்தின் மின்னஞ்சலுக்கும் முனாப் மாஸ்டருக்கும் இன்றிலிருந்து எந்தத் தொடர்பும் கிடையாது, அதற்குள் வருகிற எதையும் அவரால் பார்க்க முடியாது, ஊருக்கு வெளியே உள்ள ஒருவரிடம் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டிருக்கிறது, கடிதங்களை ஸகியா ஒருவர் மட்டுமே வாசிப்பார். கேட்ட யாருக்கும் முனாப் ஏதோ கை வைத்துப் பிடிபட்டான் என்றுதான் தோன்றும். பள்ளிக்குள் தலைகள் திரும்பின. போன தடவை அவனுக்கு ஆமீன் சொன்ன அதே வாய்கள் இப்போது அடுத்தவர் காதுக்குள் போயின. அவன் தன் முழங்காலைப் பார்த்தபடி இருந்தான். வெட்கமாகத்தான் இருந்தது. தானே கேட்டு வாங்கிய வெட்கம் என்பதால் குறைந்துவிடவில்லை.

வெளியே செருப்புப் போடும்போது ஒருவர் தோளில் கை வைத்தார். "என்ன மாஸ்டர், ஏதும் பிரச்சினையா?" பரிவாகத்தான் கேட்டார். ஆனால் பதிலுக்காகக் கொஞ்ச நேரம் கூடுதலாக நின்றார். வீதிக்கு வரும்போது மாமியார் போன் எடுத்தார். "மகன், என்ன செஞ்ச நீங்க?" பின்னால் நஸ்லின் உம்மாவோடு சண்டை பிடிக்கிற சத்தம் கேட்டது. "பொறவு சொல்றன் மாமி" என்று வைத்துவிட்டான்.

முஸ்பிறாவின் வீட்டுக்குப் போகவும் அன்று மனசில்லை. தங்கச்சியும் கேட்டிருப்பாள், அவளுக்கும் விளக்கம் சொல்ல வேண்டும். ஆனால் போகாவிட்டால் சோற்றை வைத்துக்கொண்டு அவள் காத்திருப்பாள். போனான்.

சோறு இருந்தது, பருப்பு இருந்தது, வளவில் பறித்த கீரை இருந்தது. அவன் தலையைக் குனிந்து தின்றான். முஸ்பிறா கதவு நிலையில் சாய்ந்து நின்றாள்.

"காக்கா, பள்ளியில சொன்னது மெய்யா?"

"மெய்தான்."

"உங்களுக்கு இனி ஒண்டும் தெரியாதா?"

"தெரியாது."

"ஆர் எழுதினதெண்டும்?"

"ஒண்டும் தெரியாது. என்ட பாஸ்வேர்ட எடுத்துட்டாங்க."

தனக்காக அவள் கோபப்படுவாள் என்று நினைத்திருந்தான். அவள் உள்ளே போனாள். கோப்பை கழுவுகிற சத்தம் கேட்டது, கொஞ்ச நேரம் அதுவும் கேட்கவில்லை. பிறகு பிளேன்டீயோடு வந்தாள். கோப்பையை வைத்துவிட்டுப் போகாமல் அங்கேயே நின்றாள்.

"காக்கா, பக்கத்து வீட்டு ஆக்கள் ஒரு விசயம் கேக்கச் சொன்னாங்க. போனால எழுதினாலும் அது போகுமா? சொந்தப் பேர் போடணுமா?"

பக்கத்து வீட்டார் போன ஹஜ்ஜுக்கு முன்பே வீட்டைப் பூட்டிக்கொண்டு கொழும்புக்குப் போய்விட்டார்கள். அவர்களின் கேற்றில் துருப்பிடித்த பூட்டுக்கு முன்னால்தான் முனாப் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்திருந்தான்.

அவன் தலையை நிமிர்த்தவில்லை. தட்டத்தில் மிஞ்சிய கீரையைப் பார்த்தான். இவ்வளவு காலமும் ஒவ்வொரு வெள்ளியும் இதே இடத்தில் குந்தித் தின்றுவிட்டுத்தானே போனான். சட்டைப் பையில் கையை விடலாம். விட்டால் அவள் வாங்க மாட்டாள். கூரை போட்டுத் தந்த காக்காவிடம் அடுப்புக்கும் கேட்பதைவிடப் பட்டினி கிடப்பாள், அதுவும் அவனுக்குத் தெரியும். தன் முகம் ஒன்றையும் மறைக்காத முகம் என்று நஸ்லின் சொன்னதை நினைத்து, பிளேன்டீயைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டான்.

"போகும்" என்றான். "போனால எழுதினாப் போதும். முகவரி திறக்கிற நேரம் எந்தப் பேரும் போடலாம். கடிதத்துக்க மட்டும் வீடு எங்க எண்டு சொல்லணும், ஸகியா ராத்தா வரணும்தானே. அவ மட்டும்தான் வாசிப்பா."

"வேற ஒத்தரும் வாசிக்கமாட்டாங்களா?"

"மாட்டாங்க. அவங்களுக்குச் சொல்லு, நோன்புப் பிறை காண முதல் எழுதச் சொல்லி. பிந்தினா இந்த வருஷம் ஏலாது."

"சொல்றன்."

"கட்டாயம் சொல்லு."

"சொல்றன் காக்கா." அவள் கொஞ்சம் தயங்கினாள். "அந்த முகவரி என்ன? பள்ளியில கெதியாச் சொல்லிட்டாங்க."

முனாப் ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னான். பக்கத்து வீட்டாருக்காக முஸ்பிறா தன் போனில் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டாள். சரியா என்று காட்ட அவள் போனை அவன் பக்கம் திருப்பினாள். முனாப் பார்க்காமல், வாசல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, எழுத்துகளைத் திரும்பவும் முதலிலிருந்து சொன்னான்.